உறைபனியில் வெறுங்கால்

இந்த வருடம் நம் கோல்ஃப் திடலுக்குப் புதிதாக வேலைக்கு வந்தவர்களில் சில தமிழ்ப் பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அதனால்தான் தமிழில் எழுதுகிறேன். வாசிக்கத் தெரியாதவர்கள் அம்மாவைப் பிடித்து இருத்தி வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். அவருக்கும் நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று விளங்கட்டும். “புல்லு வெட்டுற வேலை” என்று உறவுக்காரருக்குச் சொல்லிக்கொண்டிருப்பார், பாவம்.

புதிதாக வருகிற எல்லோரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான். புல்லை எவ்வளவு உயரத்தில் வெட்டுவது, எந்த மாதம் எந்த உரம் போடுவது. அதெல்லாம் இயந்திரத்தோடு வருகிற கையேட்டில் இருக்கிறது. அதிலும் விளங்காவிட்டால் பல்கலைக்கழகத்தில் புல்லைப் படித்தே பட்டம் வாங்கியவர்கள் இருக்கிறார்கள், அவர்களைக் கேளுங்கள். சந்தோஷமாகச் சொல்வார்கள், நிறுத்தத்தான் மாட்டார்கள். நான் சொல்ல வந்தது கையேட்டில் இல்லாத ஒரு காலைப்பொழுதைப் பற்றி. பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன். யார் எவர் என்று தேடிக்கொண்டு திரியாதீர்கள்.

முதலில் நாம் எங்கே வேலை செய்கிறோம் என்பதை விளங்கிக்கொள்ளுங்கள். பெரிய கிளப்புகளில் கோல்ஃப் விளையாட அப்பாவிடம் காசு இருக்க வேண்டும், அப்பாவின் அப்பாவிடமும் இருந்திருந்தால் இன்னும் நல்லது. இது பல்கலைக்கழகத்தின் திடல். இங்கே மாணவ அட்டை ஒன்று போதும். மாகாணத்துப் பல்கலைக்கழகங்களின் இலையுதிர்காலப் போட்டியின் கடைசி நாள் ஆட்டம் இங்கேதான் நடக்கும். அதில் முன்னுக்கு வருகிற சிலர்தான் தேசியப் போட்டிக்குப் போவார்கள். நம் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகளும் அதில் விளையாடுவார்கள். ஆகவே மற்ற அணிகள் நம்மை ஒரு மாதிரித்தான் பார்க்கும். துளையை எங்கே வெட்டுவது, எந்தப் பக்கம் தண்ணீர் விடுவது எல்லாம் நம் கையில் அல்லவா இருக்கிறது. அந்தப் பார்வையைக் கண்டு கோபப்படாதீர்கள். அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் பார்ப்பேன்.

நான் மன்னார்க்காரி. விமான நிலையத்துக்குப் பக்கத்து டோர்வலில் விமானத்துச் சாப்பாட்டுக்குத் தட்டு அடுக்குகிற இடத்தில் வருடக்கணக்கில் நின்றுவிட்டு இங்கே வந்தவள். ஜன்னல் இல்லாத அறையில் இது கோழி, இது பாஸ்தா என்று பிரித்துப் பிரித்து அலுத்துப்போய், வானம் தெரிகிற வேலை ஏதாவது இருந்தால் சொல்லுங்கள் என்று எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தேன். கிடைத்தது. ஆனால் வானத்தோடு குளிரும் வரும் என்று ஒருவரும் சொல்லவில்லை.

எனக்கு மேலே இருந்த அதிகாரி என்னைவிட வயதில் இளையவர். பால் பண்ணைக் குடும்பத்துக் கெபெக்வா, அதாவது இந்த மாகாணத்துப் பிரெஞ்சுக்காரர். தன் பெயரை எங்கேயும் எழுதக் கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கியிருக்கிறார், ஆகவே எழுதவில்லை. நான் வந்த முதல் இலையுதிர்காலத்தில் ஒரு காலை, உறைபனி விழுந்து திடல் முழுக்க வெள்ளையாகக் கிடந்தது. உறைபனி பிடித்த புல்லின் மேல் யாரும் நடக்கக் கூடாது. அந்த நேரத்தில் புல் கண்ணாடி மாதிரி. மிதித்தால் உள்ளுக்குள் நொறுங்கிவிடும். நொறுங்கியது உடனே தெரியாது. பனி உருகி வெயில் ஏறிய பிறகு, மிதித்த அடி அப்படியே கருகி மேலே வரும். வந்தால் அடுத்த வசந்தம் வரை போகாது. அதனால் பனி உருகும் வரை திடலை மூடி வைப்போம்.

அன்றைக்கு ஒரு பெரிய மனிதர் தன் நண்பர்களோடு வந்துவிட்டார். பல்கலைக்கழகத்துக்கு நிறையச் செய்தவர். திடல் மூடியிருக்கிறது என்றதும் முகம் சிவந்துவிட்டது. அதிகாரி அவரை உள்ளே கூட்டிப்போய், கோப்பி ஊற்றிக் கொடுத்து, “உங்கள் முழங்கால் சத்திரசிகிச்சை எப்படி நடந்தது?” என்று ஒரு கேள்வி கேட்டார். அவ்வளவுதான். முழங்கால் கதை முடிவதற்குள் சூரியன் மேப்பிள் மரங்களுக்கு மேலே வந்துவிட்டது. பிறகு என்னிடம் சொன்னார், பனியை ஒருவருக்காகவும் விட்டுக்கொடுக்காதே, ஆனால் வந்தவனை வெறுங்கையோடு அனுப்பாதே என்று. நான் அதை ஒரு சாமர்த்தியப் பேச்சு என்றுதான் அப்போது எடுத்துக்கொண்டேன்.

இனி ஆரணியின் கதை.

ஆரணி பக்கத்து ரொக்ஸ்பரோவில் வளர்ந்தவள். இங்கே கோடையில் நடக்கிற சிறுவர் வகுப்பில்தான் முதன்முதலாக மட்டையைப் பிடித்தாள். அவளைக் கூட்டி வருவது அப்பா சிவநேசன். விமான நிலையத்தில் இரவு முழுக்கப் பெட்டிகள் ஏற்றி இறக்கிவிட்டு, வேலை முடிந்த கையோடு பிள்ளையை ஏற்றிக்கொண்டு வருவார். வகுப்பு முடியும் மட்டும் காருக்குள் வாயைத் திறந்தபடி தூங்குவார். கோல்ஃப் பற்றி அவருக்கு ஒரு மண்ணும் தெரியாது. “குழிக்குள்ள போடுறதுதானே அக்கா, அதுக்கு ஏன் இவ்வளவு தூரம் நடக்கினம்?” என்று என்னைக் கேட்டவர். யாழ்ப்பாணத்து மனிதர், கோயில், விரதம் எல்லாவற்றிலும் கெட்டி. நான் வேதக்காரி, கிறிஸ்தவள் என்பதால், என்னைக் கண்டால் முதலில் நத்தார் வாழ்த்தோ பெரிய வெள்ளியோ ஏதாவது ஒன்றைப் பற்றி விசாரித்துவிட்டுத்தான் மற்றதைக் கதைப்பார், மாதம் எதுவானாலும்.

ஒரு கோடையில் அவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கார் அருகே புல்லில் கால் நீட்டி இருந்தபோது, இடது காலில் சுண்டுவிரல் இல்லாததைக் கண்டேன். சின்ன வயதில் தோட்டத்தில் மண்வெட்டி பட்டுப் போனதாம். “ஒரு விரல்தானே அக்கா, மிச்சம் கிடக்கு” என்றார். அப்படிப்பட்ட மனிதர்.

பிள்ளை வளர்ந்து நம் பல்கலைக்கழகத்துக்கே படிக்க வந்து, அணியிலும் சேர்ந்தாள். படிப்பின் கடைசி வருடம். அந்த இலையுதிர்காலப் போட்டியில் கடைசி நாளுக்கு முதல் நாள் மாலை, தேசியப் போட்டிக்குப் போகிற இடங்களில் கடைசி இடத்தில் அவள் பெயர் இருந்தது. அடுத்த நாள் அதைப் பிடித்து வைத்திருந்தால் போவாள், விட்டால் அவளுடைய போட்டி வாழ்க்கை அதோடு சரி. படிப்பு முடிந்தால் வேலை, வேலை வந்தால் மட்டை நிலவறைக்குள் போய்விடும். அவளுக்கும் அது தெரியும், அப்பாவுக்கும் தெரியும்.

காலையில் உறைபனி வரும் என்று வானிலை சொன்னதால், கடைசி கிரீனின் துளையை நாங்கள் அன்று மாலையே வெட்டிவிட்டோம். கிரீன் என்பது கம்பளம் மாதிரி ஒட்ட வெட்டிய புல்லுள்ள இடம். அதில்தான் துளை இருக்கும், பந்தை மெதுவாகத் தட்டி அதற்குள் உருட்ட வேண்டும். நம் கடைசி கிரீன் வாகனத் தரிப்பிடத்துக்கு முன்னாலேயே இருப்பது உங்களுக்குத் தெரியும். மகளைப் பார்த்துவிட்டு வேலைக்குப் போகப் புறப்பட்ட சிவநேசன், நாங்கள் துளை வெட்டுவதைக் காருக்குப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுக் கையசைத்துப் போனார்.

மறுநாள் விடிந்தபோது திடல் வெள்ளையாகக் கிடந்தது. பனி உருகும் வரை போட்டியைத் தள்ளி வைத்தாயிற்று. அணிகள் எல்லாம் உள்ளே கோப்பி குடித்துக்கொண்டிருந்தன. நானும் என்னோடு வேலை செய்த றெஜானும் கிரீன்களின் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டு வந்தோம். கடைசி கிரீனுக்கு வந்ததும் றெஜான் நின்றுவிட்டான். வெள்ளைப் பனியின் மேல் காலடிகள். ஓரத்திலிருந்து துளை வரைக்கும் போய், சுற்றி நின்று, திரும்பி வந்திருந்தன. வெறுங்கால். விரல்கள்கூடத் தெரிந்தன.

அந்தக் குளிரில் வெறுங்காலோடு நடக்க மனிதரால் முடியாது, இது கரடி என்றான் றெஜான். நாம் இருப்பது ஆறு சூழ்ந்த தீவு, இதற்குள் கரடி எங்கிருந்து வரும் என்று கேட்டேன். பாலத்தால் வந்திருக்கும் என்றான். நீண்ட கம்பால் துளைக்குள் இருந்ததை எட்டி எடுத்தோம். மஞ்சள் செவ்வந்திப் பூ ஒன்று. துளையின் விளிம்பில் சாம்பல் பூசியிருந்தது. கரடி சிகரெட்டும் பிடித்திருக்கிறது என்றான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது சாம்பல் அல்ல, விபூதி. இடது அடிகளில் நாலு விரல்தான் இருந்தது.

பிள்ளைகளே, இங்கேதான் கவனமாகக் கேளுங்கள். விளையாடுகிற ஒருத்தியின் வீட்டு ஆள், போட்டி நாளன்று, கடைசி கிரீனில் நடந்து துளையில் எதையோ வைத்துவிட்டார். அவள் சொல்லித்தான் செய்தார் என்று ஒருவர் நினைத்தாலே போதும், அவளைப் போட்டியிலிருந்து எடுத்துவிடலாம். அதிலும் இது அவளுடைய சொந்தத் திடல். அப்போது திடலுக்குப் பொறுப்பான நானும் அவளுடைய ஆள். இதைவிட மோசமாக ஒரு காலை அமைய முடியாது.

விஷயத்தை றெஜானுக்குச் சொன்னேன். அவன் நல்லவன். பனி உருகியதும் வேறு இடத்தில் துளை வெட்டுவோம், பூவை நான் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்கிறேன், கேட்டால் கரடி என்போம், பிள்ளையின் வாழ்க்கை அல்லவா என்றான். அவன் சொன்னதில் பாதி எனக்கும் பிடித்திருந்தது. என் வயிற்றில் பிறந்தவள் இல்லையே தவிர, அந்தப் பிள்ளை பல்லு விழுந்த வாயோடு என்னிடம் தண்ணீர் கேட்டுக் குடித்தவள். அவளுக்காக ஒரு பூவை மறைப்பது எனக்குப் பெரிய காரியமாகத் தெரியவில்லை.

காரைத் தேடிப் போனேன். தரிப்பிடத்தின் கோடியில் இருந்தது. வேலைச் சட்டையோடு, அந்த மினுங்குகிற பட்டிகளோடு, சிவநேசன் வழக்கம்போல வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். கண்ணாடியைத் தட்டினேன்.

“தம்பி, விடிய நீங்கள் அந்தக் கிரீனில நடந்தனீங்களோ?”

“ஓம் அக்கா.” முகமெல்லாம் சிரிப்பு. “வேலை முடிஞ்சு நேர வந்தனான். கோயில் விபூதி கொஞ்சம் வைச்சிட்டு வந்தன். ஒருத்தரும் காணேல்லை.”

“வெறுங்காலோடயோ?”

“சாமிக் காரியத்துக்குச் சப்பாத்தோட போறதே? அதோட சப்பாத்து மிதிச்சால் உங்கட புல்லும் பழுதாப் போகுமெல்லே. அதுதான் கழட்டிப்போட்டுப் போனனான்.”

ஏசிப் பேசலாம் என்று போனவள் நான். என்ன சொல்லிப் பேசுவது? பனி எலும்பைக் கடிக்கிற நேரத்தில், என் புல்லுக்கு நோகக் கூடாது என்று சப்பாத்தைக் கழற்றிய மனிதரை எந்த வாயால் பேசுவது? மெதுவாக விஷயத்தை எடுத்துச் சொன்னேன். பனியைப் பற்றி, விதியைப் பற்றி, ஆரணிக்கு என்ன ஆகலாம் என்பதைப் பற்றி. அவருடைய முகம் கொஞ்சம் கொஞ்சமாக விழுந்ததைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

“அவளுக்குத் தெரியாது அக்கா. சத்தியமாத் தெரியாது. சொன்னால் பேசுவாள் எண்டுதான் சொல்லேல்லை.” பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டார். “நீங்கள் இதைச் சொல்லாமல் விடேலாதோ?”

விடலாம். அதுதான் பிரச்சினை. பூவை எடுத்தாயிற்று, துளையை மாற்றிவிடலாம், விபூதியைக் கழுவிவிடலாம். ஆனால் அந்த அடிகளை என்ன செய்வது? பின்னேரம் அவை கருகி வரும். வருகிற நேரத்தில் அந்தக் கிரீனில் நிற்கப்போவது நானோ றெஜானோ இல்லை. அப்பாவின் கால் எது என்று தெரிந்த ஒரே ஒரு பிள்ளை நிற்கப்போகிறது. நான் மறைத்தால் என் பொய்யை அவள் தலையில் ஏற்றி, விளையாடு என்று விடுவதாகத்தான் முடியும். இதை நான் ஆறுதலாக இருந்து யோசித்ததாக நினைக்காதீர்கள். கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு, மூக்கு ஒழுக, நின்ற நிலையில் யோசித்ததுதான்.

“விடலாம் தம்பி. ஆனால் பேந்து அவள்தான் அந்தக் காலடிக்கு மேலால பந்தை உருட்ட வேணும். ஆரும் கேட்டால் அவள் என்னத்தைச் சொல்லுறது? வாங்கோ. நான் சொல்லுறதைவிட நீங்களே சொல்லுறதுதான் சரி. நான் பக்கத்தில நிப்பன்.”

“விளையாட விடுவினமோ அக்கா?”

“தெரியாது” என்றேன். உண்மையில் எனக்குத் தெரியாது. அவர் இறங்கி, சப்பாத்துக் கயிற்றை இரண்டு தரம் அவிழ்த்துக் கட்டிவிட்டு என்னோடு வந்தார்.

தலைமை நடுவர் வேறு மாகாணத்திலிருந்து வந்த ஒரு பெண்மணி. சிரிப்பை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டு வருகிறவர். சிவநேசன் ஆங்கிலத்தில் தொடங்கி, நடுவில் பிரெஞ்சுக்குத் தாவி, கடைசியில் தமிழுக்கு வந்துவிட்டார். மிச்சத்தை நான் சொன்னேன். மகளுக்குத் தெரியுமா என்று நடுவர் திரும்பத் திரும்பக் கேட்டார், வேறு வேறு விதமாகக் கேட்டார். பயிற்சியாளரைக் கூப்பிட்டு, இரவு முழுக்கப் பிள்ளைகள் அணியோடுதான் இருந்தார்களா என்று விசாரித்தார். பிறகு அந்தச் சாம்பல் என்ன என்று என்னைக் கேட்டார். ஆசீர்வாதம் என்றேன். நானென்றால் அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரியோடு நிறுத்தியிருப்பேன், இவர் கொஞ்சம் கூடப் போய்விட்டார் என்றும் சொன்னேன். நடுவர் சிரிக்கவில்லை.

தீர்ப்பு இதுதான். மகளுக்குத் தெரியாமல் நடந்ததால் அவளுக்குத் தண்டனை இல்லை. ஆட்டம் தொடங்கவில்லை என்பதால் துளையை மாற்ற வேண்டும். மற்ற அணிகளின் பயிற்சியாளர்களுக்கும் இப்போதே சொல்லப்படும். பிள்ளைக்கு ஆட்டம் முடிந்த பிறகு சொல்லலாம். அப்பா பார்வையாளர் கயிற்றுக்கு வெளியே நிற்க வேண்டும். எழும்பும்போது நடுவர் என்னிடம் மெல்ல, அடுத்த முறை அதை அவள் பைக்குள் போட்டுவிடச் சொல்லுங்கள் என்றார். அதையும் மொழிபெயர்த்தேன். சிவநேசன் அந்தப் பெண்மணியைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

பயிற்சியாளர்களில் ஒருவர் முணுமுணுத்தார். புதிய துளையை இந்தத் திடல்காரர் தெரிவு செய்யக் கூடாது என்றார் இன்னொருவர். அது நியாயம். நான் இரண்டு இடம் காட்டினேன், நடுவர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். பந்துகள் பெரும்பாலும் வந்து விழுகிற பக்கத்திலிருந்து பார்த்தால் காலடிகள் வழியில் வராத இடம். பனி உருகியதும் நடுவர் குனிந்து கையால் தடவினார், பந்துகளை உருட்டிப் பார்த்தார். நேராகத்தான் ஓடின. எல்லோருக்கும் ஒரே கிரீன், இப்படியே விளையாடட்டும் என்றார்.

பின்னேரம் வெயில் ஏற, நான் பயந்தபடியே அடிகள் ஒவ்வொன்றாகக் கருகி மேலே வந்தன. பார்க்க வந்தவர்கள் கைபேசியில் படம் எடுத்தார்கள். றெஜான் கேட்டவர்களுக்கெல்லாம் கரடிக் கதை சொன்னான்.

ஆரணி கடைசி கிரீனுக்கு வந்தபோது கணக்கு சுலபமாக இருந்தது. இரண்டு தட்டில் பந்தைத் துளைக்குள் போட்டால் தேசியப் போட்டி. மூன்றானால் இல்லை. ஆனால் நாமொன்று நினைக்கத் தெய்வமொன்று நினைக்கும். எல்லோருடைய பந்தும் நின்ற பக்கத்தைத் தாண்டி அவளுடைய பந்து அந்தக் கோடிக்கு ஓடிவிட்டது. பந்துக்கும் துளைக்கும் நடுவில், குறுக்காக, காலடிகள்.

நான் கிரீனுக்கு அருகில்தான் நின்றேன். அவள் வழியைப் பார்க்கக் குந்தினாள். அப்படியே இருந்தாள். எழும்பி நடந்து, ஒரு இடது அடிக்கு முன்னால் போய் நின்றாள். கயிற்றுக்கு வெளியே நின்ற அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். சிவநேசன் தலையைக் குனிந்துகொண்டார். அவர் ஏன் குனிய வேண்டும் என்று அவள் யாரையும் கேட்கவில்லை.

பிறகு கையை உயர்த்தி நடுவரைக் கூப்பிட்டாள். சொன்னது எங்களுக்கெல்லாம் கேட்டது. இது என் அப்பாவின் கால், எப்போது வந்தார், ஏன் வந்தார் என்று எனக்குத் தெரியாது, ஆனால் உங்களிடம் சொல்லாமல் நான் விளையாடக் கூடாது என்றாள். கைக்கு எட்டியதை இரண்டு தட்டில் எடுக்கலாம் என்று இருந்த பிள்ளை, யாரும் கேட்காமல், தானாகவே சொன்னாள்.

நடுவர், “எங்களுக்குக் காலையிலேயே தெரியும். உன் அப்பாவே வந்து சொன்னார். நீ விளையாடு” என்றார்.

காலையில் நான் அந்தப் பூவை மறைத்திருந்தால் அந்த நிமிடம் என்னவாகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். நான் இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன்.

கிரீனில் சப்பாத்து அடையாளம் இருந்தால் விளையாடுகிறவர் தடவிச் சமப்படுத்தலாம், விதி இருக்கிறது. மற்றவர்கள் மட்டையின் பின்பக்கத்தால் தட்டிவிட்டுப் போவார்கள். ஆரணி முழங்காலிட்டு, அந்த அடியின் மேல் உள்ளங்கையை வைத்து மெதுவாக அழுத்தினாள். குதியிலிருந்து விரல் வரைக்கும். பார்த்தவர்களுக்கு அவள் புல்லைச் சரிசெய்கிறாள் என்றுதான் தெரிந்திருக்கும். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, மூக்கைத் துடைப்பதுபோலத் துடைத்துக்கொண்டேன்.

பந்தைத் தட்டினாள். நல்ல தட்டு. நேராகத்தான் வந்தது. அந்த அடியின் விரல் பக்கத்தில், காலையில் நேராக ஓடிய அதே இடத்தில், இப்போது வாடிக் கிடந்த புல்லில் ஏறி ஒரு மயிரளவு துள்ளியது. துள்ளிய பந்து கீழ்ப்பக்கம் திரும்பி, துளையைத் தாண்டிச் சரிவில் போய் நின்றது. அடுத்த தட்டு விளிம்பில் சுற்றி வெளியே வந்தது. மூன்றாவதுதான் உள்ளே போனது.

அவ்வளவுதான். அந்தத் துள்ளலை நான் கண்டேன். அவளும் கண்டாள், ஏனென்றால் பந்து அந்த இடத்தைத் தாண்டிய கணத்தில் அவள் கண்ணை மூடினாள்.

கயிற்றுக்கு வெளியே வந்ததும் சிவநேசன், “நான்தானே பிள்ளை… நான்தானே” என்று தொடங்கினார். பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே வீட்டில் பதில் சொல்கிற அந்தப் பிள்ளை, தமிழில் சொன்னாள்.

“இல்லையப்பா. என்ர கை நடுங்கிட்டுது.” அதை மட்டும் சொல்லிவிட்டு அவருடைய மினுங்குகிற சட்டையில் முகத்தை வைத்து அழுதாள். நாங்கள் எல்லோரும் வேறு பக்கம் பார்த்தோம். தலைமை நடுவர்கூட.

அடுத்த சனிக்கிழமை நான் அந்தக் கிரீனில் கருகிய புல்லை வெட்டி எடுத்துக்கொண்டிருந்தேன். துளை வெட்டுகிற அதே கருவியால் பழுதான புல்லை வேரோடு எடுத்து, நாற்றுப் பாத்தியிலிருந்து நல்ல புல்லை எடுத்து அந்தக் குழியில் வைக்க வேண்டும். சிவநேசன் வந்து நின்றார். கையில் ஒரு பிளாஸ்க் தேத்தண்ணி. நான் பழுதாக்கியதை நானே சரிசெய்கிறேன், விடுங்கோ என்றார். சப்பாத்தோடு வரலாமோ என்றும் கேட்டார். இன்றைக்கு வரலாம் என்றேன்.

இரண்டு பேரும் முழங்காலிட்டு வேலை செய்தோம். நான் வெட்ட வெட்ட அவர் புல்லை வைத்து அழுத்தினார். ஊர்த் தோட்டக்காரரின் கை, சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. கடைசியாக அந்த இடது அடிக்கு வந்தோம். அவர் வேலையை நிறுத்தி, நாலு விரல் அடையாளத்தின் மேல் ஒரு விரலை வைத்தார்.

“அக்கா, அவள் தன்ர கை நடுங்கினது எண்டு சொல்லுறாள். நீங்கள் கிட்ட நிண்டனீங்கள். பந்து இதில தட்டினதோ?”

நான் கருவியில் ஒட்டியிருந்த மண்ணை வழித்தேன். என் அதிகாரியின் ஞாபகம் வந்தது, வந்தவனை வெறுங்கையோடு அனுப்பாதே என்று அவர் சொன்னதும்.

“இல்லைத் தம்பி” என்றேன். “கைதான் நடுங்கினது. அவ்வளவு பேர் பாத்துக்கொண்டு நிக்க ஆருக்கும் நடுங்கும்.”

அவர் நெடுமூச்சு விட்டார். இறுகியிருந்த தோள் இரண்டும் இறங்கின. “அதுதான் அக்கா, விடியச் சாப்பிடாமல் போறவள். எத்தினை தரம் சொல்லிப்போட்டன், சாப்பிட்டிட்டுப் போ, சாப்பிட்டிட்டுப் போ எண்டு” என்று மகளைப் பேசிக்கொண்டே நல்ல புல்லை எடுத்து அந்தக் குழியில் வைத்து, உள்ளங்கையால் அழுத்தினார்.

நடுவரிடம் எதையும் மறைக்கக் கூடாது என்று அந்த மனிதருக்குச் சொன்னதும் இதே வாய்தான். நடுவர் கேட்டிருந்தால் அன்றைக்கும் உண்மையைத்தான் சொல்லியிருப்பேன். கேட்டது தகப்பன்.